ஜப்பானியப் பொறியாளர் பணியில் சேரும்போது: மனிதவளப் பிரிவுக்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு, ஜப்பானிலுள்ள தாய் நிறுவனத்திலிருந்து சில ஆண்டுப் பணிக்காகப் பொறியாளர்கள் வருவது வழக்கம். அவர்களை வரவேற்று நிலைப்படுத்தும் பொறுப்பு, பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் இளையவராக இருப்பவரின் தலையில்தான் விழும். விண்ணப்பங்களை முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உண்மையில் அது பாதி வேலைகூட இல்லை.

படி 1: விமானச் சீட்டுக்கு முன்

வருபவரிடம் இருப்பது வேலைவாய்ப்பு விசாதானா என்று முதலில் பாருங்கள். வணிக விசாவில் வருபவர் கூட்டங்களில் கலந்துகொள்ளலாமே தவிர, உங்கள் நிறுவனத்தின் பணியாளராக வேலை செய்ய முடியாது. வேலைவாய்ப்பு விசாவுக்கு ஆண்டு ஊதியம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பதால், ஊதியம் எவ்வளவு, எந்த நாட்டில் வழங்கப்படுகிறது என்பதை நியமனக் கடிதத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள்.

இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 5 ஆண்டுக்கு மேற்படாத பணிக்காக அனுப்பப்படுபவர், ஜப்பானியத் திட்டத்திலேயே தொடர்வதற்கான சான்றிதழைக் கொண்டுவந்தால் இங்கே பி.எஃப். பிடித்தம் தேவையில்லை. அவர் ஊரில் இருக்கும்போதே அதை வாங்கச் சொல்லுங்கள். வந்த பிறகு கேட்டால் இழுபறிதான்.

படி 2: முதல் 14 நாள்

விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் இணையவழியாகப் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு வீடு கொடுப்பவரும் 24 மணி நேரத்துக்குள் விவரம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இதை அறியாத வீட்டு உரிமையாளர்கள் பலர் என்பதால், வாடகை ஒப்பந்தம் போடும் அன்றே நீங்கள் உடனிருந்து அதைச் செய்து முடிப்பது நல்லது.

வங்கிக் கணக்குக்கு முன் கையெழுத்தைக் கவனியுங்கள். ஜப்பானில் ஹாங்கோ என்னும் முத்திரையைப் பதிப்பதே நெடுங்கால வழக்கம் என்பதால், ஒரே வடிவக் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகாதவர்கள் உண்டு. கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாத் தாள்களிலும் போட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

படி 3: ‘பார்க்கலாம்’ என்ற சொல்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு முறை எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர், உதிரிபாக அச்சில் (டை) செய்ய வேண்டிய திருத்தம் பற்றிக் கேட்ட ஜப்பானியப் பொறியாளரிடம் ‘பார்க்கலாம் சார்’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். மறுப்பை மென்மையாகச் சொல்லிவிட்டதாக இவர் நினைக்க, மூன்று நாள் அறிக்கைக்காகக் காத்திருந்தார் அவர். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியர் சொல்லும் ‘கென்தோ ஷிமாஸ்’, அதாவது ‘பரிசீலிக்கிறோம்’, பல வேளைகளில் நம் ‘பார்க்கலாம்’ போன்றதே. அதை நம்மவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு பொருள் வாங்க ஆணை போட்டதும் நடந்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘ஆம்’ என்று பொருள்படும் ‘ஹாய்’ என்பதும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற அளவிலேயே நின்றுவிடலாம், நம் ‘சரி சார்’ போல.

இதற்கு நான் கண்ட வழி எளியது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று மூன்றே வரியில் எழுதி இரு தரப்புக்கும் அனுப்புங்கள். அத்துடன் ஜப்பானிய அலுவலகங்களில் ‘ஹோ-ரென்-சோ’ எனப்படும் பழக்கத்தை நம் ஊழியர்களுக்கு அரை நாளாவது விளக்குங்கள்: நடந்ததை அறிவித்தல், தகவல் பகிர்தல், முடிவெடுக்கும் முன் கலந்தாலோசித்தல். வேலை முடியாவிட்டாலும் பாதியில் அறிவிக்க வேண்டும் என்பதே இதில் நம்மவர்களுக்குப் புதியது. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருப்பதை அவர்கள் மறைப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதேபோல், நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது மறுப்பல்ல என்பதை வருபவருக்கு முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள்.

படி 4: பெயர், சாப்பாடு, மொழி

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்து தந்தையின் பெயர் என்பதை விளக்காவிட்டால் ‘கே. சான்’ என்று அழைப்பார்கள் (‘சான்’ என்பது பெயருக்குப் பின் சேர்க்கும் மரியாதைச் சொல்); எப்படி அழைக்க வேண்டும் என்பதை அடையாள அட்டையிலேயே அச்சிடுங்கள். உணவகத்தில் காரமில்லாத ஒரு வகை போதும். நம் பொறியாளர்கள் இருவரையாவது சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு நடத்தும் ஜப்பானிய வகுப்புக்கு அனுப்புவது, மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்புவதைவிட நிலைத்த பலன் தரும்.

படி 5: மூன்றாம் மாதம்

‘எல்லாம் வசதியாக உள்ளதா?’ என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். ‘சென்ற வாரம் எந்தத் தகவல் உங்களுக்குத் தாமதமாக வந்தது?’ என்று தனியாக, முடிந்தால் எழுத்தில் கேளுங்கள். அதே கேள்வியை அவருடன் வேலை செய்யும் நம்மவர்களிடமும் கேட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.