முதலாண்டு அனாடமிக்கு மாணவர் ஃபீட்பேக் வாங்குவது எப்படி?

துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் தலையில்தான் இந்த வேலை வந்து விழும். பழைய படிவம் ஒன்று கைமாறும், 150 பேரும் எல்லாக் கேள்விக்கும் 4 போட்டுத் தருவார்கள், தாள் கோப்பில் போய்ச் சேரும். அப்படி ஆகாமல் செய்யும் வழியை, எம்.பி.பி.எஸ். முதலாண்டு அனாடமியில் (உடற்கூறியல்) அப்பர் லிம்ப் (கை) பகுதியை வைத்துப் பார்ப்போம்.

1. மாற்றக்கூடியது எது?

படிவத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: உங்கள் துறை தானே முடிவெடுத்து மாற்றக்கூடியவை எவை? டிசெக்‌ஷன் (உடலை அறுத்துப் படிக்கும் வகுப்பு) நேரம், அதில் ஒரு டேபிளுக்கு எத்தனை பேர், ஹிஸ்டாலஜி (நுண்ணோக்கியில் திசுக்களைப் படிப்பது) வகுப்பு விரிவுரைக்கு முன்பா பின்பா, சிறு குழு வகுப்பின் அளவு. பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் தேர்வுத் தேதியும் உங்கள் கையில் இல்லை. அவற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த முறை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

2. கேள்விகள்

மதிப்பெண் போடும் கேள்விகள் எட்டும், சொந்தமாக எழுதும் திறந்த கேள்விகள் இரண்டும் போதும். இருபதைத் தாண்டினால் பாதியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பார்கள்.

2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து சி.பி.எம்.இ. (திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி) பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. விரிவுரை, டிசெக்‌ஷன், சிறு குழு வகுப்பு, முதலாண்டிலேயே நோயாளியைக் காட்டும் வகுப்பு என ஒரே பகுதி நாலு விதமாக நடக்கிறது. "அனாடமி வகுப்பு எப்படி இருந்தது?" என்றால் எதற்குப் பதில் சொல்வது? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை, ஒரே கேள்விக்குள் இரண்டைத் திணிப்பது. "ஆசிரியர் தெளிவாகவும் ஆர்வமூட்டும்படியும் நடத்தினார்" என்பதற்கு 3 வந்தால், குறை தெளிவிலா ஆர்வத்திலா என்று தெரியாது. "ஆசிரியர் நல்லவர்" போன்ற கேள்வியும் வேண்டாம், கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்: "டிசெக்‌ஷனின்போது டியூட்டர் எங்கள் டேபிளுக்கு வந்து விளக்கினார்." அளவுகோல் 1 முதல் 5 வரை. "நான் வரவில்லை" என்று தனியாக ஒரு தெரிவு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வராதவர்களெல்லாம் 3 போடுவார்கள்.

திறந்த கேள்விகள்: "அடுத்த பகுதியில் எதை நிறுத்தலாம்?", "எதை அப்படியே தொடரலாம்?" பதிலைத் தமிழிலும் எழுதலாம் என்று மேலேயே குறிப்பிடுங்கள். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால் அந்தப் பெட்டியை வெற்றாக விட்டுவிடுவார்கள்.

3. பெயர் தெரியாமல் இருப்பது

இதில்தான் பெரும்பாலும் சறுக்கும். இன்டர்னல் மார்க் போடுவதும் ஃபீட்பேக் கேட்பதும் ஒரே துறை என்பதை மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

கூகுள் ஃபார்மில் செட்டிங்ஸ் போய், மின்னஞ்சல் சேகரிப்பை 'டு நாட் கலெக்ட்' என்று வையுங்கள். கல்லூரிக் கணக்கில் படிவம் செய்தால் இதை இருமுறை சரிபாருங்கள். 'லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ்' போட்டால் லாகின் கேட்கும். அதனால் மட்டும் மின்னஞ்சல் உங்களுக்கு வந்துவிடாது. ஆனால் லாகின் திரையைப் பார்த்ததுமே மாணவர் பயந்துவிடுவார். அதை அணைத்துவிடுவதே மேல். ஒருவர் இரண்டு முறை நிரப்புவது அதைவிடச் சிறிய நட்டம்.

பதில்கள் சேரும் ஷீட்டில் நேரம் பதிவாகும். துறைக்குத் தரும் நகலில் அந்த நெடுவரிசையை நீக்குங்கள். பாலினம், விடுதி, ரோல் எண் எதுவும் கேட்காதீர்கள். டேபிள் எண் கேட்கலாம். ஆனால் ஐந்துக்கும் குறைவானவர்கள் பதில் சொன்ன டேபிளின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள்.

4. எப்போது?

வகுப்புகள் முடிந்த பிறகு, இன்டர்னல் மார்க் வருவதற்கு முன். மார்க் வந்த பின் கேட்டால் கோபமோ நன்றியோதான் பதிலாக வரும். வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நடத்திய ஆசிரியர் அப்போது அறையில் இருக்கக்கூடாது. இரவில் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டால் கால்வாசிப் பேர்கூட நிரப்பாமல் போகலாம்.

சூழ்நிலை சாதாரணமாக இருக்கட்டும். ஜெர்மனியில் மூன்றாமாண்டு மருத்துவ மாணவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைக்கப்பட்ட குழுக்கள் ஆசிரியருக்கும் பாடப்பொருளுக்கும் கூடுதல் மதிப்பெண் தந்தன. ஃபீட்பேக் நாளில் கேக் வெட்ட வேண்டாம்.

5. எண்களைப் படிப்பது

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். டியூட்டர் கேள்விக்கு 110 பேர் பதில் தந்ததாக வைத்துக்கொள்வோம்: 5 போட்டவர்கள் 42, 4 போட்டவர்கள் 13, 3 போட்டவர்கள் 4, 2 போட்டவர்கள் 14, 1 போட்டவர்கள் 37. சராசரி 3.1, ஏதோ பரவாயில்லை என்று தோன்றும். உண்மையில் பாதி டேபிள்களுக்கு டியூட்டர் போகவே இல்லை. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் பட்டை வரைபடம் போட்டுப் பாருங்கள். 150-இல் 25 பேர்தான் பதில் தந்தார்கள் என்றால் எண்களைச் சுற்றுக்கு விடாதீர்கள். எழுத்துக் கருத்துகளைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கூடினால் மாணவர் நன்றாகக் கற்றுக்கொண்டார் என்று பொருளல்ல. அவருக்குப் பிடித்திருந்தது என்பது மட்டுமே தெரியும். கற்றாரா என்பதை ஸ்பாட்டர் தேர்வு (வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) சொல்லட்டும்.

6. எழுத்துக் கருத்துகள்

இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து நேரம், இடம், வேகம், ஸ்லைடு, நடத்தை என்று வகைப்படுத்துங்கள். மாணவர் எழுதிய வாசகங்களை அப்படியே ஒட்டாமல் சுருக்கி எழுதுங்கள். நாலே பேர் தமிழில் எழுதியிருந்தால் வாசகத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உடை, குரல், சாதி பற்றிய வசவுகளை நீக்குங்கள். தொல்லை, மிரட்டல் பற்றிய புகார் இருந்தால் இந்த அறிக்கையில் சேர்க்காமல், அதற்கென உள்ள குழுவுக்கு உடனே அனுப்புங்கள். ஓர் ஆசிரியரைப் பற்றிய கருத்து அவருக்கும் துறைத்தலைவருக்கும் மட்டுமே. துறைக் கூட்டத்தில் வாசிப்பது வேண்டாம்.

7. திருப்பிச் சொல்வது

இரண்டு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் மூன்று வரி போதும். "டியூட்டர் வரவில்லை என்றீர்கள்: இனி டேபிள்வாரியாகப் பெயர்ப்பட்டியல் ஒட்டப்படும். ஹிஸ்டாலஜி விரிவுரைக்குப் பின் வேண்டும் என்றீர்கள்: லோயர் லிம்ப் (கால்) பகுதியிலிருந்து மாற்றுகிறோம். சனிக்கிழமை வகுப்பு வேண்டாம் என்றீர்கள்: பாடவேளை போதாததால் இப்போது முடியாது." மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள், முடியாததற்குக் காரணம் சொல்லாவிட்டால், படிவத்தை யாரும் படிக்கவே இல்லை என்றுதான் நினைப்பார்கள்.