இஞ்சி பீர் பொங்கவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் இஞ்சி பீர் போட ஆரம்பித்த புதிதில் மூன்று தடவை தொடர்ந்து உறை, அதாவது இஞ்சியும் சர்க்கரையும் நொதித்துப் பானத்தைப் பொங்கவைக்கும் கலவை, செத்துப்போனது. தோலோடு துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், தினமும் ஒரு கிளறல், எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் ஐந்தாம் நாளும் ஒரு குமிழி இல்லை. இஞ்சி மேல் சந்தேகப்பட்டு பெரிய மார்க்கெட்டில் வேறு கடையில் வாங்கிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. நான்காம் தடவை, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஊற்றியதும் மூன்றாம் நாளே நுரை கட்டியது. அப்புறம்தான் குளோரின் பக்கம் பார்வை போனது.

கிருமி சாகத்தானே குளோரின் போடுகிறார்கள், இஞ்சித் தோலில் ஒட்டியிருந்து உறையை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டை மட்டும் அது விட்டுவைக்குமா? ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த அளவை உறை பெரும்பாலும் தாங்கிவிடும். தொட்டி கழுவிய மறுநாளும் மழைக்காலத்திலும்தான் சிக்கல், டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாலே பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், பீர் காய்ச்சுகிறவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருப்பார்கள், ஏனென்றால் குளோரின் மால்ட்டில் உள்ள ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறினால் மிகச் சிறிய அளவிலேயே மருந்து வாடை வரும், வந்த பிறகு எடுக்க முடியாது.

குளோரினை எடுப்பது சுலபம். மூடாமல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணி போட்டு நன்றாக ஆறவையுங்கள், சூடாக ஊற்றினால் ஈஸ்ட் அதிலேயே போய்விடும். கேஸ் செலவு வேண்டாம் என்றால் வாயகன்ற குண்டானில் ஒரு நாள் வைத்திருங்கள், குடத்தில் வைத்தால் நேரம் பிடிக்கும். அவசரமென்றால் மணமோ சர்க்கரையோ சேர்க்காத வைட்டமின் சி பொடி, 10 லிட்டருக்கு ஒரு சிட்டிகை போதும், உடனே வேலை செய்யும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் போடுகிற ஊர்களில் மட்டும் சும்மா வைத்திருந்தால் போகாது, அங்கே இந்தப் பொடியே நல்ல வழி.

குளோரின் போய்விடும், ஆனால் உப்பு போகாது. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி உப்பு ஏறத்தான் செய்யும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது நமக்குத் தெரிந்ததுதான், நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்ச உறிஞ்ச கடல்நீர் உள்ளே வருகிறது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிவிடுங்கள், விலை குறைவுதான். என் கணக்கு இது: மீட்டரில் 300 பிபிஎம்முக்குள் இருந்தால் அப்படியே போடலாம், 600 வரை பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாம், அதற்கு மேல் முக்கால் பங்கு ஆர்.ஓ. முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில் போட்டால் ஈஸ்ட்டுக்கு வேண்டிய கால்சியம், மெக்னீசியம் குறைந்துபோகும், அப்போது வெள்ளைச் சர்க்கரையில் கொஞ்சத்தைக் குறைத்து நாட்டுச் சர்க்கரை சேருங்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் இருப்பவர்கள் போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம், ஆலைக் கழிவு கொதிக்கவைத்துப் போகிற சமாச்சாரம் இல்லை.

பலர் கவனிக்காத விஷயம் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது புளிப்பை முறிக்கும் குணம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பைகார்பனேட் கடினத்தன்மை கொதித்துக் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்தது. அதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்தால் கடினத்தோடு காரத்தன்மையும் ஓரளவு குறைந்துவிடும். காரத்தன்மை கூடின நீரில் புளிப்பு ஏறாது, பானம் சப்பென்று இருக்கும், வேண்டாத பாக்டீரியாவுக்கும் அது தோது. அதனால் லிட்டருக்கு ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, புளிப்பை அளக்கும் பிஎச் தாளில் 4.5க்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் பாட்டிலில் அடைப்பேன்.

கண்ணாடி பாட்டில் வேண்டாம், அழுத்தம் ஏறினால் வெடிக்கும். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்றரை நாள் வெளியே வையுங்கள். அமுக்கினால் கல் மாதிரி இருந்ததும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகத்தான் செய்யும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.