வீட்டுப் பட்டறைக்கு எந்த டிசைன் சாஃப்ட்வேர்?

"எது நல்ல சாஃப்ட்வேர்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மெஷின் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

படி 1: மெஷின் என்ன?

கையால் சுற்றும் லேத், மில்லிங் மெஷின் மட்டும்தான் என்றால் மெஷினுக்கு ஃபைலே வேண்டாம். அளவு குறித்த டிராயிங் உங்களுக்குத்தான் வேண்டும். இலவசமான லிப்ரேகேட் போதும். ஒரு புஷ் (தண்டு நுழையும் சின்னக் குழல்) கடைவதற்கு அதுகூடத் தேவையில்லை, பேப்பரும் பென்சிலும் போதும்.

கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சி மெஷின் என்றால் கதை வேறு. வரைவதற்கு கேட், வரைந்ததை டூல் ஓடும் பாதையாக மாற்றுவதற்கு கேம் என இரண்டும் வேண்டும். அந்தப் பாதையை மெஷினை ஓட்டும் கண்ட்ரோலருக்குப் புரியும் ஜி-கோட் கட்டளைகளாக எழுதித் தருவது போஸ்ட் பிராசஸர். கண்ட்ரோலர் ஜிஆர்பிஎல்லா, லினக்ஸ்சிஎன்சியா, மாக்3யா என்று குறித்துக்கொண்டு, அதற்கான போஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். துளை போடும் ஜி81 கட்டளை ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது. தவறான போஸ்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரியில் எரர் காட்டும்.

படி 2: இரண்டை மட்டும் இறக்குங்கள்

ஃபியூஷனில் கேட், கேம் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு இலவசம்தான், ஆனால் ஒரே நேரத்தில் 10 டிசைன்களை மட்டுமே திருத்த முடியும். வெட்டாமல் நகரும்போதும் டூல் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். சின்ன வேலைகளுக்கு இது பெரிய குறையில்லை.

ஃப்ரீகேட் முழுக்க இலவசம், உங்கள் கணினியிலேயே ஓடும். முன்பு ஆரம்பத்தில் போட்ட ஒரு அளவை மாற்றினால் பின்னால் செய்தவை உடைந்துவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. டூல் பாதை போடும் பகுதி பழைய வீடியோக்களில் 'பாத்' என்று வரும், அதுதான் இப்போது 'கேம்'. என் ஓட்டு ஃப்ரீகேட்டுக்குத்தான்.

படி 3: ஒரே தகடு, இரண்டிலும்

60 × 40 × 10 மி.மீ. தகடு வரையுங்கள். நான்கு மூலையிலும், இரு ஓரங்களிலிருந்தும் 8 மி.மீ. உள்ளே, எம்5 போல்ட் நுழைய 5.5 மி.மீ. துளைகள். முடிந்ததும் 60-ஐ 75 ஆக மாற்றுங்கள்.

நான் முதல்முறை எல்லா அளவையும் இடது ஓரத்திலிருந்தே கொடுத்திருந்தேன். தகடு நீண்டது, வலது பக்கத் துளைகள் மட்டும் 52-லேயே நின்றன. அவை 67-க்கு நகர்ந்திருக்க வேண்டும். அது சாஃப்ட்வேரின் தப்பில்லை. வலது துளைகளுக்கு வலது ஓரத்திலிருந்து அளவு கொடுத்ததும் சரியாகிவிட்டது. இந்தத் திருத்தம் எதில் உங்களுக்குச் சுலபமாக வருகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடுவில் ஒரு செவ்வகக் குழி. திரையில் மூலை கூராக இருக்கும். 6 மி.மீ. எண்ட் மில் (சுழன்று வெட்டும் டூல்) போட்டால் அங்கே 3 மி.மீ. ஆரம் நிற்கும். கேமில் ஓட்டிப் பார்த்தால் கண்ணிலேயே தெரியும்.

படி 4: வெளியே எடுப்பது

வேறு கேம் சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோனால் ஸ்டெப் (STEP) ஃபைலாக எடுங்கள். எஸ்டிஎல் (STL) ஃபைலில் வட்டம் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்துவிடும். தட்டையான வேலைக்கு டிஎக்ஸ்எஃப் (DXF) ஃபைல் போதும்.

ஜி-கோடைத் திறந்து ஆரம்ப வரிகளில் ஜி21 இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மில்லிமீட்டர். ஜி20 என்றால் அங்குலம். முதல் ஓட்டத்தில் இசட் பூஜ்ஜியத்தை (டூலின் உயரத்தை அளக்கத் தொடங்கும் இடத்தை) தகட்டுக்கு மேல் 20 மி.மீ. உயரத்தில் வைத்து, டூலைக் காற்றிலேயே ஓடவிடுங்கள். கை மட்டும் எமர்ஜென்சி ஸ்டாப் பக்கத்தில் இருக்கட்டும்.