டாக்டர் குடும்பத்துக்கான காப்பீடுகள்: நான் எடுத்த வரிசை

கணவர் எலும்பு மருத்துவர். கிளினிக் கணக்கு என் கையில். எக்ஸ்ரே மெஷின் கடன் இன்னும் ஓடுகிறது.

முதலில் டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. காப்பீட்டுத் தொகை, வீட்டின் ஆண்டுச் செலவைப் போல 15 மடங்கு, அதோடு கடன் பாக்கி. பாலிசி மனைவி, குழந்தைகளுக்காக, 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். பிறகு சேர்க்க முடியாது. மோசடி நோக்கமில்லாதவரை, கணவருக்குக் கடன் கொடுத்தவர் அந்தப் பாலிசிப் பணத்தில் கைவைக்க முடியாது. எங்கள் ஏஜென்ட் இதைச் சொல்லவேயில்லை, இடையிடையே கொஞ்சம் பணம் திருப்பித் தரும் மணிபேக் பாலிசியைத்தான் நீட்டினார்.

சர்க்கரை நோய் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். (டாக்டர்களே மறைப்பதுதான் வேடிக்கை!)

அடுத்து விபத்துக் காப்பீடு. விரல் போனாலே அறுவை சிகிச்சை வருமானம் போச்சு. பகுதி ஊனத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று பாலிசியில் உள்ள பட்டியலைப் பாருங்கள்.

கட்டணம் வாங்கும் மருத்துவர்மீது நுகர்வோர் வழக்கு போடலாம் என்பது 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆகவே, அப்படி வழக்கு வந்தால் இழப்பீட்டைக் கட்டும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடும் வேண்டும். பழைய சிகிச்சைக்கும் வழக்கு வரும், அப்போது பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பியுங்கள்.