குகை மண்ணைப் படிக்க, முதலில் கான் மண்ணைப் பாருங்கள்

ஆதிமனிதர் வாழ்ந்த இடம் என்றதும் எல்லோருக்கும் கல்லாயுதமும் எலும்பும்தான் கண்ணில் படும். அவர்கள் காலத்தில் மழை எப்படி, காடு எப்படி என்று கேட்டால் பதில் சுற்றிக் கிடக்கும் அடையல் மண்ணில்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை இங்கே கொண்டுவந்தது எது? தண்ணீரா, காற்றா, சரிவா, மனிதக் கையா?

பழகுவதற்குக் குகை வேண்டாம். பெருமழை விட்டதும் தேயிலை மலையில் ஒரு கானை, அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலை, பாருங்கள். சரிவில் பரல் கல் நிற்கும், கொஞ்சம் மட்டமான இடத்தில் மணல், தண்ணீர் தேங்கிய மூலையில் வழுவழுவென்று களி. வேகம் குறையக் குறைய பாரமானது முதலில் இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. மண்சரிவில் இந்த ஒழுங்கே இராது. பாறாங்கல், களி, வேர் எல்லாம் குழம்பிக் கிடக்கும்.

அப்புறம் ரோட்டோர மண்வெட்டு. (ஈரம் காயும்வரை கிட்டப் போகாதீர்கள், இடிந்து விழும்.) அடுக்கின் நிறம் சட்டென்று மாறினால் இடையில் அரிப்போ திடீர் மாற்றமோ நடந்திருக்கலாம். சிவப்பு என்றால் நீர் வடிந்து காற்றுப் பட்ட மண், சாம்பல் நிறம் என்றால் பெரும்பாலும் நீர் தேங்கிய மண். ஒரு சிட்டிகையை நனைத்து விரலில் தேயுங்கள்: மணல் நறநறக்கும், வண்டல் கோதுமை மாவாட்டம் இருக்கும், களி ஒட்டிக்கொண்டு விடாது.

இப்போது குகை. இலங்கையில் குருவிட்டைப் பக்கத்துப் பட்டதொம்பலென, கித்துல்கலை பெலிலென இரண்டிலும் 30,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் தங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் மூலை மழுங்காத நைஸ் (gneiss, குகையே ஆன பாறை வகை) கல் துண்டுகள் கூரையிலிருந்து உதிர்ந்தவை. தண்ணீர் உருட்டியிருந்தால் மழுங்கியிருக்கும். ஓடையில் வாழும் நத்தையின் ஓடு உலர்ந்த குகைத் தரையில், ஓடை மணலே இல்லாத அடுக்கில் குவிந்திருந்தால், அது சாப்பாட்டுக்கு வந்தது.

சாம்பலை அறிய ஒரு சின்னச் சோதனை. வீட்டு அடுப்புச் சாம்பலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைக்கும். நைஸ் பாறையில் சுண்ணாம்புச் சத்து அரிது, அதனால் அந்தக் குகை மண் நுரைத்தால் சாம்பலோ நத்தை ஓடோ இருக்கும் என்று சந்தேகிக்கலாம். மாத்தளைப் பக்கம் சுண்ணக்கல் இருப்பதால் அங்கே இது ஏமாற்றும். நுரைக்காவிட்டால் அடுப்பே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள், நம் மழையில் சாம்பலின் சுண்ணாம்பு கரைந்து போகும். நிச்சயமாகச் சொல்ல, மண் கட்டியைப் பிசினில் இறுக்கி 0.03 மி.மீ. தடிப்பில் சீவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். எரிந்த இடத்திலேயே கிடந்த சாம்பலா, அடித்து வந்ததா என்பது அப்போதுதான் தெளியும்.

அந்தக் காலத்தில் என்ன செடி வளர்ந்தது என்று காட்டும் மகரந்தம் (பூந்தூள்) வேண்டுமானால் ஈரச் சதுப்புக்குப் போக வேண்டும். காற்றுப் புகாததால் அது அங்கே அழுகாது. ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு மகரந்தம்தான் ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்குப் பருவமழை தளர்ந்து, அந்த மேட்டுநிலம் இன்றைவிட வறண்டு கிடந்ததைக் காட்டியது. என்னைக் கேட்டால், குகையில் கிடைத்த எந்தக் கல்லாயுதத்தையும்விடப் பெரிய செய்தி இது.

ஒன்று மட்டும்: இந்தத் தேய்ப்பும் வினாகிரியும் கான் மண்ணோடு நிற்கட்டும். தொல்லியல் இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். பண்டாரவளைப் பக்கத்து மேடுகளில் ஆதிமனிதர் உடைத்த குவார்ட்ஸ் கல் சில்லு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் பிடித்து, எந்த அடுக்கில் நின்றது என்று குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அடுக்கிலிருந்து பிடுங்கிய சில்லு எந்தக் காலத்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம்.