ஆய்வேட்டின் ரெஃபரன்ஸ் பட்டியல்: முதலில் பெயரைச் சரிபண்ணுங்கள்

பெங்களூரில் ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதும் நம்ம பிள்ளைகளின் அத்தியாயங்களைப் பார்த்துக் கொடுக்கும் வேலை அவ்வப்போது எனக்கு வரும். ஆய்வு எப்படி இருந்தாலும் சரி, கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியல் மட்டும் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சொதப்புகிறது. கமா எங்கே, புள்ளி எங்கே, எது சாய்வெழுத்து என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு தமிழ்ப் பெயரில் எந்தத் துண்டு முன்னால் வரவேண்டும் என்பது எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. ரெஃபரன்ஸ் எழுதும் ஸ்டைல்களான ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தினுடையது), சிகாகோ, எம்.எல்.ஏ. (தொகுதிக்காரர் இல்லை, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மூன்றுமே குடும்பப் பெயர் வழக்கம் உள்ள ஊரில் பிறந்தவை. நமக்கு இருப்பது இன்ஷியல். அந்த முடிச்சை நீங்கள்தான் அவிழ்க்கவேண்டும், அதையும் முதலிலேயே.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் துறை எந்த ஸ்டைலைக் கேட்கிறது, அதில் எத்தனையாவது பதிப்பு என்று கைடிடம் கேட்டு, முடிந்தால் மின்னஞ்சலில் பதிலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் என்றால் பெரும்பாலும் ஏ.பி.ஏ., இலக்கியம் என்றால் எம்.எல்.ஏ., வரலாறு என்றால் சிகாகோ, பொறியியல் என்றால் சதுர அடைப்புக்குள் எண் போடும் ஐ.இ.இ.இ. சீனியர் கொடுத்த வேர்டு ஃபைலை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு 2019-இலேயே வந்தாயிற்று, ஆனால் ஆறாம் பதிப்பின் பழக்கங்கள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் இப்போது வேண்டாம். டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் இருக்கும் தனி அடையாள எண்) முழு இணைய முகவரியாகவே போடவேண்டும். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரை என்றால், உள்ளே மேற்கோள் காட்டும்போது முதல் தடவையே முதல் ஆள் பெயரோடு 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போதும், ஆனால் கடைசிப் பட்டியலில் 20 பேர் வரை எல்லாரையும் எழுதியாகவேண்டும்.

சரி, பெயருக்கு வருவோம். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சி.வி. ராமனை விட்டு வேறு யாரை உதாரணம் காட்டுவது? அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை ஏ.பி.ஏ. முறையில் இப்படி வரும்:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

இதை ஆங்கிலத்தில் டைப் செய்யும்போது கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. நேச்சர் என்ற பெயரும் 121 என்ற தொகுதி எண்ணும் சாய்வெழுத்து. அடைப்புக்குள் இருக்கும் இதழ் எண் நேராகவே நிற்கும், அடைப்புக்கு முன்னால் இடைவெளி கிடையாது. பக்க எண்களுக்கு நடுவில் வருவது கொஞ்சம் நீளமான கோடு, சாதாரண ஹைஃபன் இல்லை. உள்ளே மேற்கோள் காட்டும்போது அடைப்புக்குள் என்றால் இரண்டு பெயருக்கும் நடுவில் & குறி, வாக்கியத்தின் ஓட்டத்தில் என்றால் 'அண்ட்' என்று எழுத்தில். இந்த ஒரு வரியை நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆய்விதழ்க் கட்டுரைகளில் பாதி வேலை முடிந்தது.

ராமன் பெயரில் குழப்பமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ முன்னால், சொந்தப் பெயர் கடைசியில் என்ற நம் பழைய வழக்கம் வெள்ளைக்காரர் வரிசையோடு தற்செயலாக ஒத்துப்போய்விடுகிறது. கணித மேதை ராமானுஜனுக்கு ஸ்ரீனிவாச என்பது அப்பா பெயர், அதனால் 'ராமானுஜன், எஸ்.' என்று அழகாக உட்காரும். வானியற்பியலாளர் சந்திரசேகருக்கும் அப்படியே. கன்னடக்காரர்களுக்கும் இதே கதைதான்: யு.ஆர். அனந்தமூர்த்தியின் இன்ஷியலில் உடுப்பியும் அப்பா ராஜகோபாலாச்சார்யரும் இருக்கிறார்கள், பட்டியலில் 'அனந்தமூர்த்தி, யு. ஆர்.' என்று போட்டால் போதும். சிக்கல் இந்தத் தலைமுறையில்தான். பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டவர் ஒரு கட்டுரையில் 'எஸ். கார்த்திக்' என்றும் அடுத்ததில் 'கார்த்திக் செல்வராஜ்' என்றும் இருப்பார் (சும்மா ஒரு பெயருக்குச் சொல்கிறேன்). முதலாவது பட்டியலில் கார்த்திக் என்று போகும், இரண்டாவது செல்வராஜ் என்று போகும், படிப்பவருக்கு இரண்டு ஆள்.

இதற்கு நான் சொல்லும் வழி: கட்டுரையில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை மதியுங்கள், நீங்களாக இன்ஷியலை விரித்து எழுதாதீர்கள், சாதிப் பெயரைப் புதிதாக ஒட்டாதீர்கள். எது பின்பெயர் என்று சந்தேகம் வந்தால் அவரே தன் பழைய கட்டுரைகளில் எப்படிப் போட்டுக்கொள்கிறார் என்றோ, பெரிய நூலகப் பட்டியல்களில் எப்படி இருக்கிறது என்றோ பாருங்கள். ஏ.பி.ஜே. அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை 'கலாம், ஏ. பி. ஜே. ஏ.' என்று உடைத்து எழுதுகிறவர்கள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'அப்துல் கலாம், ஏ. பி. ஜே.' என்றுதான் வைத்திருக்கிறது. பெயரை உடைக்காத இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எது எடுத்தாலும் தீசிஸ் முழுக்க ஒன்றே இருக்கட்டும். இன்னொரு விஷயம், ஒரே பின்பெயரில் இரண்டு முதல் ஆசிரியர்கள் வந்தால், அதுவும் சுப்பிரமணியன், ராமசாமி மாதிரிப் பெயர்கள் என்றால் வராமல் இருக்காது, உள்ளே மேற்கோளிலும் இன்ஷியல் சேர்க்கச் சொல்கிறது ஏ.பி.ஏ.

இப்போது ஜொட்டேரோ, அதாவது ரெஃபரன்ஸ்களைச் சேமித்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் சாஃப்ட்வேர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2006-இலிருந்து இருக்கிறது. பிரவுசரில் அதன் கனெக்டரைப் போட்டு, வேர்டில் அதன் பிளகினைச் சேர்த்துவிட்டால் ஆரம்பிக்கலாம். அதே வேலை செய்யும் மெண்டலேயில் ஏற்கெனவே எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் மாற்றவேண்டிய அவசியம் இல்லை. கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணையோ புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். எண்ணையோ கொடுத்தால் விவரங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். இழுத்ததை அப்படியே விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. ஒவ்வொன்றாக வந்தவுடனேயே கையோடு பார்த்துவிடுங்கள், முந்நூறு சேர்ந்த பிறகு பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பார்க்கவேண்டிய முதல் இடம் ஆசிரியர் பெயர். 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் அப்துல் கலாம், 'ஃபர்ஸ்ட் நேம்' கட்டத்தில் ஏ. பி. ஜே. என்று நீங்களே பிரித்துப் போடுங்கள். நிறுவனம்தான் ஆசிரியர் என்றால் இரண்டு கட்டத்தையும் ஒற்றைக் கட்டமாக மாற்றும் வசதி அங்கேயே இருக்கிறது, அதைச் செய்யாவிட்டால் வேடிக்கை நடக்கும். கோலார் தங்கவயலைப் பற்றி எழுதும் ஒருவர் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்டின் அறிக்கையை இரண்டு கட்டத்தில் போட்டால், பட்டியலில் 'லிமிடெட், பி. ஜி. எம்.' என்று ஒரு புதிய ஆய்வாளர் முளைத்துவிடுவார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது 'இந்த லிமிடெட் யாருப்பா' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அடுத்தது தலைப்பு. இணையத்திலிருந்து வரும்போது சில தலைப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டு வரும். தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'சென்டென்ஸ் கேஸ்' (முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) என்று மாற்றும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் சென்டென்ஸ் கேஸிலேயே சேமித்து வையுங்கள். எம்.எல்.ஏ. மாதிரி ஸ்டைல் கேட்டால் ஜொட்டேரோ தானாகப் பெரிய எழுத்தாக்கும். திரும்பச் சின்னதாக்க அதற்குத் தெரியாது, ஊர்ப் பெயர், ஆள் பெயரெல்லாம் கெட்டுவிடும். தமிழ்ப் புத்தகம் என்றால் மொழிக் கட்டத்தில் தமிழ் என்று குறித்துவிடுங்கள், அப்போது தலைப்பின் எழுத்துகளில் கைவைக்காது.

தமிழ்ப் புத்தகங்களை ஆங்கில ஆய்வேட்டில் காட்டுவது தனி வித்தை, நிறைய பேர் இதற்குப் பயந்தே தமிழ் மூலங்களை விட்டுவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து ஒரு பழைய பதிப்பை எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் ஆங்கில அர்த்தம் கொடுக்கவேண்டும், ஏ.பி.ஏ. கேட்பது அதுதான். ஒலிபெயர்ப்புக்கு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையையே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் சகரம் ஆங்கில 'சி'யில் தொடங்கும், 'எஸ்'ஸில் இல்லை. அதனால்தான் உ.வே. சாமிநாதையரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தேடினால் 'சி' வரிசையில் கிடைப்பார், ஆங்கிலக் கட்டுரைகளிலோ பெரும்பாலும் 'எஸ்' வரிசையில் இருப்பார். ஒரே பட்டியலில் இரண்டு வரிசையிலும் அவர் இருந்தால் அகர வரிசை குலைந்துபோகும். என் வழக்கம், தலைப்புகளுக்கு லெக்சிகன் முறை, ஆள் பெயருக்கு ஆங்கிலத்தில் புழங்கும் எழுத்து. இதை முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை.

ஆண்டு விஷயத்தில் உஷாராக இருக்கவேண்டும். சில புத்தகங்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். 31 கழித்தால் ஆங்கில ஆண்டு, தி.பி. 2050 என்றால் 2019. இன்னும் பழைய அச்சில் விஜய, ஜய என்று வருடப் பெயர் மட்டும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்: விஜய வருடம் 1893–94-இலும் உண்டு, 1953–54-இலும் உண்டு. அச்சகம், முன்னுரை, விலை இவற்றை வைத்து எது என்று முடிவு செய்து, சதுர அடைப்புக்குள் போடுங்கள். அப்புறம், நம் புத்தகங்களில் 'ஐந்தாம் பதிப்பு' என்று இருப்பது பல சமயம் வெறும் மறு அச்சுதான். பக்கமும் உள்ளடக்கமும் மாறியிருந்தால் மட்டும் பதிப்பு எண் போடுங்கள். உ.வே.சா.வின் புறநானூறு முதலில் வந்தது 1894-இல். உங்கள் கையில் இருப்பது 2014 மறு வெளியீடு என்றால், உள்ளே மேற்கோளில் 1894/2014 என்று இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

சங்கப் பாட்டுக்குப் பக்க எண் எதற்கு? 'யாதும் ஊரே' என்று தொடங்குவது புறநானூறு 192 என்று சொன்னால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார். குறளுக்குக் குறள் எண், காப்பியத்துக்குக் காதையும் அடியும். பட்டியலில் மட்டும் நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் முழு விவரம் இருக்கட்டும், உ.வே.சா.வைப் பதிப்பாசிரியர் கட்டத்தில் போடுங்கள், ஆசிரியர் கட்டத்தில் போட்டால் புறநானூற்றை அவரே எழுதியதாக ஆகிவிடும்.

தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அங்கிருந்த சங்கங்களின் துண்டறிக்கை, மலர், நோட்டீஸ் எல்லாம் கையில் வரும். ஆசிரியர் பெயர் இல்லாவிட்டால் சங்கத்தின் பெயரே ஆசிரியர். தேதி இல்லாவிட்டால் தேதியில்லை என்ற குறி. என்ன வகைப் பொருள் என்பதைத் தலைப்புக்குப் பின் சதுர அடைப்புக்குள் சொல்லுங்கள், யாரிடம் அல்லது எந்தச் சேகரிப்பில் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். நீங்களே எடுத்த பேட்டிகளை ஏ.பி.ஏ.யில் பட்டியலில் சேர்க்கக்கூடாது, 'பர்சனல் கம்யூனிகேஷன்' என்றும் போடக்கூடாது. அவை உங்கள் தரவு, ஆய்வு முறை அத்தியாயத்தில் விளக்கிவிட்டு, பேசியவரை மாற்றுப் பெயராலோ எண்ணாலோ குறித்தால் போதும்.

கூகுள் ஸ்காலரின் 'சைட்' பட்டனை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் இன்ஷியலும் இதழ் எண்ணும் விடுபட்டு வருவது சகஜம். ஏ.ஐ. சாட்பாட்டிடம் ரெஃபரன்ஸ் கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இல்லாத கட்டுரையை, நிஜமான இதழின் பெயரோடும் பக்க எண்ணோடும் கூசாமல் எழுதிக் கொடுக்கும். சந்தேகமான ஒவ்வொரு டி.ஓ.ஐ.யையும் பிரவுசரில் போட்டுத் திறந்து, அதே கட்டுரைதான் வருகிறதா என்று பாருங்கள். திறக்காததைப் பட்டியலிலிருந்து தூக்குங்கள், அதை நம்பி எழுதிய வரியையும் சேர்த்து.

யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில், மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, ரெஃபரன்ஸ் பட்டியல் அந்தக் கணக்கில் வராது. ஆகவே பட்டியல் நீளமாக இருக்கிறதே, சதவீதம் ஏறிவிடுமோ என்று பயந்து எதையும் வெட்டவேண்டாம்.

சமர்ப்பிக்கும் முன் செய்யவேண்டியது: 19, 20 என்று தொடங்கும் ஆண்டுகளைக் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடி, உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோளும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருப்பதெல்லாம் உள்ளே வருகிறதா என்று பேப்பரில் டிக் போட்டுக்கொண்டு பாருங்கள். ஒரே ஆள், ஒரே ஆண்டு இரண்டு கட்டுரை என்றால் ஆண்டோடு ஏ, பி சேர்ந்திருக்கவேண்டும். தப்பு கண்டால் ஜொட்டேரோவுக்குள் போய்த் திருத்துங்கள், வேர்டில் கையால் திருத்தினால் அடுத்த ரிஃப்ரெஷில் பழையபடி ஆகிவிடும். எல்லாம் சரியான பிறகு ஃபைலை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுத்து அதை பி.டி.எஃப். ஆக்குங்கள். மூல ஃபைலை அப்படியே வைத்திருங்கள், ஏனென்றால் திருத்தம் சொல்லி கைடு எப்படியும் ஒருமுறை திருப்பி அனுப்புவார்.