‘வந்து போகிறவர்தானே’ என்ற கணக்கு: கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் பலருக்கு ஒரு கணக்கு உண்டு. வருகிறவர் மேற்கு வங்கமோ அஸ்ஸாமோ ஜார்க்கண்டோ, வைத்தியம் முடிந்தால் கிளம்பிவிடுவார். அவரிடம் இரண்டு ரூபாய் கூட வாங்கினால் என்ன, எரிந்து விழுந்தால்தான் என்ன? தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் நினைத்தேன். தப்புக் கணக்கு. ஆறு மாதம் கழித்து ரிவ்யூவுக்கு அதே ஆள் வருகிறார், கூடவே பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருகிறார். எந்த லாட்ஜில் தங்கலாம், எந்த மெஸ்ஸில் மீன் கிடைக்கும், எந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் ஊரிலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று, குரலை உயர்த்துவது. தமிழ் தெரியாதவரிடம் அதே தமிழைக் கத்திச் சொன்னால் மட்டும் புரிந்துவிடுமா? ஒரு மருந்துக் கடையில் பார்த்தேன். வயதான தம்பதி, கையில் ஐந்து அட்டை மாத்திரை. கவுன்டரில் இருந்த பையன் “காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு” என்று மூன்று முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறியது. பெரியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். புரிந்ததால் அல்ல, பின்னால் ஆட்கள் நின்றதால். அப்புறம் உள்ளே இருந்து வந்த அக்கா, மாத்திரைக் கவரின் மேல் பேனாவால் ஒரு சூரியன், ஒரு பிறை வரைந்து, பக்கத்தில் ஒவ்வொரு கோடு போட்டார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விலை சொல்லவும் அப்படித்தான், கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினால் போதும். வங்க மொழியில் ‘கொத்தோ’ என்றால் ‘எவ்வளவு’ என்று தெரிந்து வைத்திருப்பது கூடுதல் மரியாதை.

தண்ணீர் பாட்டிலுக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று எம்ஆர்பிக்கு மேல் வாங்குவது சட்டப்படியே குற்றம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டும் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 30 நாள் வரை குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர வேண்டும். பில்லே தராவிட்டால் அதுவும் தவறுதான். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது, அதில் பல மொழிகளில் பேசலாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது, பார்க்காமலே மறுப்பது. இதை நானே செய்தேன். ஒருவர் ஆதார் நகல் எடுத்துப் போனார். அரை மணி நேரத்தில் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் திரும்பி வந்து, அசல் கார்டு இங்கே இருக்கிறதா என்று கேட்டார். மூச்சு வாங்கியது. “இங்க இல்ல, வேற எங்கயாவது விட்டிருப்பீங்க” என்று என் அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டு அடுத்தவர் பேப்பரை வாங்கி மெஷின் மூடியைத் தூக்கினேன். கண்ணாடியின் மேல் அவர் கார்டு. அவருடைய ரயில் அதற்குள் போய்விட்டது.

‘அசல் எங்கே?’ என்று இப்போது அந்த மூடியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். அது வாடிக்கையாளருக்கு அல்ல, எனக்கு.